மைதானத்துக்கு ஒரு டாக்டர் தேவை

நெயா ப்ரூசா,
பிப்ரவரி 12

அன்புள்ள எவந்தியா,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. பேத்திக்கு உன் நெற்றி. அது மாப்பிள்ளையின் நெற்றி என்று நம் மகள் லெமோனியா எழுதியிருக்கிறாள். நான் மறுக்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். இங்கே நான் சுகமாகவே இருக்கிறேன். மழை நாட்களில் மட்டும் முழங்கால் தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. மாத்திரைகளை நீ குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போன வரிசைப்படியே விழுங்குகிறேன்.

போனில் நான் "ம்" என்பதைத் தவிர ஒன்றும் பேசுவதில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். உண்மைதான். உன் குரலைக் கேட்டதும் சொல்ல நினைத்தவை எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன. அதற்குள் அந்தப் பக்கம் குழந்தை அழுகிறது, ஸ்டட்கார்ட்டில் பால் பொங்குகிறது. எழுதினால் பிடிக்காத வாக்கியத்தை அடித்துவிட்டு இன்னொன்று எழுதலாம். இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் பழைய கிரேக்கம் நடத்தியவனுக்குப் பேச்சு வராதா என்று கேட்பாய். வகுப்பில் பேசியது நான் அல்ல, புத்தகம்.

புதிய ஸ்டேடியத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ கிளம்பியபோது கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அது நம் சமையலறை ஜன்னல் முழுவதையும் நிறைத்துக்கொண்டு நிற்கிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பதால் நல்லதை முதலில் எழுதுகிறேன். நம் தெருவுக்குத் தார் போட்டிருக்கிறார்கள். விளக்குகள் எல்லாம் எரிகின்றன. ரொட்டிக்கடைக்காரர் புது அடுப்பு வாங்கிவிட்டார். மூலையில் உள்ள பெட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், அது உனக்கே அதிசயமாக இருக்கும். பெரிய கிளப்புக்கு ஆட்டம் இருக்கும் நாளில் காலையிலிருந்தே நீலமும் கறுப்பும் அணிந்த கூட்டம் வந்து குவிகிறது. கோல் விழுந்தால் அலமாரியில் உன் கண்ணாடிக் குவளைகள் சிணுங்குகின்றன. யார் ஜெயித்தார்கள் என்று அறிய எனக்கு ரேடியோ தேவையில்லை.

ஆனால் நம் அஸ்த்ராபி கிளப் சிரமத்தில் இருக்கிறது. மின்னல் என்று கிளப்புக்குப் பெயர் வைத்த நம் பெரியவர்கள் இன்றைய ஆட்டத்தைப் பார்த்தால் வேறு பெயர் யோசிப்பார்கள். அது பழைய கதை. புதிய கதை வேறு. ஜெர்ஸிக்குப் பணம் கொடுத்துவந்த மரக்கடைக்காரர் பெரிய கிளப்பின் விளம்பரப் பலகைக்குப் போய்விட்டார். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவர்களுடைய கால்பந்துப் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். அவென்யூவுக்கு அந்தப் பக்கம் உள்ள தோக்ஸா கிளப்பிலும் இதே நிலைதான். அதன் தலைவர் த்ராசோஸ் என்னைத் தெருவில் நிறுத்தி, "வாத்தியாரே, யானை வந்து பக்கத்து வீட்ல குடியிருக்கு. நல்ல யானைதான். ஆனா திரும்பிப் படுத்தா நம்ம சுவரு போயிடும்" என்றார். எதிரணிக்காரர் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். நம் மைதானத்தில் ஆட்டம் என்றால் ஒரு டாக்டரை நாம்தான் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும், அவர் இல்லாமல் நடுவர் விசில் ஊதமாட்டார் என்பது உனக்குத் தெரியும். அன்று மாலை பெரிய கிளப்புக்கும் ஆட்டம். காலையிலேயே போலீஸ் எல்லாத் தெருக்களையும் அடைத்துவிட்டது. ஆட்டக்காரர்களையும் நடுவரையும் லீக் அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார்கள், டாக்டருக்கு அப்படி அட்டை கிடையாது. நம் டாக்டர் மெலெத்திஸ் காரில் வந்தார். முதல் தடுப்பில் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடுப்பிலும் அதே. "நான் டாக்டர்" என்று அவர் சொல்ல, அந்தப் போலீஸ்காரர், "இன்னிக்கு எல்லாரும் டாக்டர்தான் சார், இதுக்கு முன்னாடி வந்தவரு பாதிரியாரு" என்றாராம். நடுவர் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, ஆடாமலே நாம் மூன்றுக்குப் பூஜ்யம் தோற்றதாக எழுதிக்கொண்டு போய்விட்டார். நம் தலைவர் ஸ்தாத்திஸ் கோபத்தில் மூலைக்கொடியைப் பிடுங்கி மடக்கப் பார்த்தார். அது மடங்கவில்லை. டயர் கடை நடத்துகிறவருக்கு அது ஒரு கூடுதல் அவமானம்.

இன்னொரு முறை டாக்டர் வராமல் போனால் நம்மை லீக்கிலிருந்தே நீக்கிவிடுவார்கள். லீக்கில் ஆடும்வரைதான் மைதானம் நம்முடையது என்று நகராட்சி ஒப்பந்தம் சொல்கிறது. துணை மேயர் வந்து மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். ரொம்பப் பண்பாகப் பேசினார். "வருத்தப்படாதீங்க, இங்க நல்ல கார் நிறுத்தம் வரும், உங்க கிளப்புக்கு மோட்டார் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் பாத்துத் தர்றோம்" என்றார். அந்த இடத்துக்குப் பேருந்து கிடையாது.

செயலாளன் என்ற முறையில் போலீசுக்கு ஒரு மனு எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. அளவுக்கு மீறிப் பணிவாக எழுதிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. அல்லது போதுமான பணிவு இல்லையோ. எது என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

வீட்டை விற்றுவிட்டு நாம் இருவரும் அங்கேயே வந்துவிடலாம் என்ற லெமோனியாவின் யோசனையைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் சொல், அப்பா யோசிக்கிறார் என்று.

குழந்தையைக் குளிரில் வெளியே கொண்டுபோகாதீர்கள். அவளுக்கு என் முத்தங்கள்.

உன்,
புரோத்ரமோஸ்

நெயா ப்ரூசா,
மார்ச் 29

அன்புள்ள எவந்தியா,

ஈஸ்டருக்கு வர முடியாது என்று எழுதியிருக்கிறாய். குழந்தைக்குக் காது வலி என்றால் விமானத்தில் கொண்டுவரக் கூடாதுதான், அவளை விட்டுவிட்டு நீ மட்டும் வருவதும் முறையல்ல. எனக்குப் புரிகிறது. முட்டைகளுக்கு நானே சிவப்புச் சாயம் போட்டுக்கொள்கிறேன். போன வருடம் நீ செய்யும்போது பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன்.

இந்த ஒன்றைக் கேட்கத்தான் இன்று உட்கார்ந்தேன்: நல்ல படுக்கை விரிப்புகள் எங்கே இருக்கின்றன? நீலப் பூ போட்டவை. மேல் அலமாரியில் இல்லை. பெட்டிக்குள்ளும் இல்லை. டாக்டர் மெலெத்திஸ் நம் வீட்டில் வந்து தங்கப்போகிறார்.

காரணத்தைச் சொல்கிறேன். நம் கடைசி ஆட்டம் மே முதல் ஞாயிறு, நம் மைதானத்தில், தோக்ஸாவுடன். அதே நாளில் பெரிய கிளப் கோப்பைக்காக ஆடுகிறது. ஊரே அடைபடும். ஆட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றித் தரும்படி லீக்கிடம் கேட்டேன். கடைசிச் சுற்று எல்லா மைதானங்களிலும் ஒரே நேரத்தில்தான் தொடங்க வேண்டும், யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்து ஆடக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம் என்றார்கள். அதுவும் நியாயம்தான். நியாயம் இந்த ஊரில் எப்போதும் எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே யோசித்தேன். டாக்டரால் ஞாயிறு காலை தடுப்புகளைத் தாண்டி வர முடியாது என்றால், அவர் சனிக்கிழமையே தடுப்புகளுக்கு உள்ளே இருக்க வேண்டும். நம் வீட்டிலிருந்து மைதானம் பிள்ளைகள் கல்லெறியும் தூரம். சோபாவை விரித்துப் படுக்கையாக்கி அவரைப் படுக்க வைத்துவிட்டால் காலையில் காப்பி குடித்துவிட்டு நடந்தே போய்விடலாம். கிளப் கூட்டத்தில் இதைச் சொன்னேன். நான் ஏதோ முட்டாள்தனமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு ஸ்தாத்திஸ் மேசையைத் தட்டி, "வாத்தியாரே, உங்க தலையில மூளை இருக்குன்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டரும் ஒப்புக்கொண்டுவிட்டார். அவருக்கு ஒரே கவலை, "வாத்தியாரே, சமையல் நீங்களா?" என்றார். ஆம் என்றேன். "அப்ப நான் சாப்ட்டுட்டு வர்றேன்" என்றார். தவக்காலம் முடிந்திருக்கும், ஆட்டுக்கறி செய்வேன் என்று எவ்வளவோ சொல்லியும் அவர் மாறவில்லை.

அந்தச் சோபாவைத் தூக்கிப் போடச் சொல்லி நீ பல தடவை சொல்லியிருக்கிறாய். நடுவில் ஒரு கம்பி முதுகில் குத்தும் என்பாய். நான் இரண்டு மெத்தை போட்டுச் சரிசெய்துவிட்டேன். நானே படுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மைதானத்துக்கு வந்து ஆட்டம் பார்க்கிறவர்களை இப்போது பெயர் சொல்லி எழுதிவிடலாம். நீ போனதிலிருந்து உன் கான்டீன் மூடியே கிடக்கிறது. யாராவது எடுத்து நடத்தட்டும் என்று ஸ்தாத்திஸ் கேட்டார். உன் அடுப்பில் வேறு யாரையும் கை வைக்க விட எனக்குத் துணிவு வரவில்லை, பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வீடு விற்கிற தரகர் ஒருவரை லெமோனியா இங்கே அனுப்பியிருந்தாள். நல்ல மனிதர். ஸ்டேடியம் வந்ததால் விலை ஏறியிருக்கிறது, இப்போதே முடித்துவிடுங்கள் என்றார். யோசிக்கிறேன் என்று அவருக்கும் சொன்னேன்.

விரிப்பு எங்கே என்று மறக்காமல் எழுது. கர்த்தர் உங்கள் நால்வருக்கும் நல்ல ஈஸ்டரைத் தரட்டும்.

உன்,
புரோத்ரமோஸ்

நெயா ப்ரூசா,
மே 6

அன்புள்ள எவந்தியா,

விரிப்புகள் நீ எழுதியபடியே இஸ்திரி மேசைக்குப் பின்னால் இருந்தன. அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. கடைசியில் நான் செய்த ஒரு காரியத்துக்கு உன் பதிலும் வேண்டும். ஆகவே வரிசையாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

டாக்டர் மெலெத்திஸ் சனிக்கிழமை வந்தார், சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார், படுத்தார். ஞாயிறு காலை நான் காப்பி கொண்டுபோனபோது அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின. "வாத்தியாரே, பயப்படாதீங்க. ஆனா என்னைத் தொடாதீங்க" என்றார். இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. அந்தக் கம்பியேதான். உட்காரவும் முடியவில்லை, புரளவும் முடியவில்லை. ஸ்தாத்திஸ் கிளப்பின் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு ஆட்டக்காரர்களை அழைத்துக்கொண்டு வந்தார். தோள்பட்டைக்கு அடியில் கை வைத்தபோது டாக்டர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டம்மாள் இறங்கி வந்துவிட்டாள். "விட்டுருவோம்" என்றார் ஸ்தாத்திஸ், வெளுத்துப்போய். "டாக்டரையே ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனா ரெஃப்ரி நம்மளப் பாத்துச் சிரிச்சே செத்துருவான். அப்புறம் அவனுக்கு ஒரு டாக்டர் தேடணும்."

நீ சொன்னபோதே சோபாவைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். அதை இத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மைதானத்துக்குப் போனோம். இரண்டு அணிகளும் தயாராக நின்றன. டாக்டர் நாற்காலி மட்டும் காலி. த்ராசோஸ் அதைப் பார்த்ததும் நடுவரிடம், "நேரமாச்சு. மூணு பூஜ்யம்னு எழுதிக்கங்க, நாங்க வீட்டுக்குப் போறோம்" என்றார். தோக்ஸாவுக்கு அன்று வெற்றி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் அவர்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவார்கள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, விதிப்படி அரை மணி நேரம் காத்திருப்பேன் என்றார். ஸ்தாத்திஸ் தெரிந்த டாக்டர்களுக்கெல்லாம் போன் போட்டார். எல்லோரும் தடுப்புக்கு வெளியே இருந்தார்கள். நான் கேட்டருகே நின்றேன். அவென்யூவிலிருந்து முரசுச் சத்தம் கேட்டது. தடுப்புக்கு உள்ளே நம்மைத் தவிர இருப்பவர்கள் பெரிய கிளப்பின் ரசிகர்கள் மட்டும்தான், ஆயிரக்கணக்கில். அத்தனை பேரில் ஒரு டாக்டர் இல்லாமலா இருப்பார் என்று தோன்றியது. இதை ஸ்தாத்திஸிடம் சொல்லி அவரை அனுப்பலாம் என்று திரும்பினேன். அவர் போனில் யாரோடோ கத்திக்கொண்டிருந்தார். காத்திருந்தால் நேரம் போய்விடும். நானே நடந்தேன்.

அவென்யூவை அடைந்து, புகைக்கும் இறைச்சி வாசனைக்கும் நடுவில் நின்ற பிறகுதான் என் மேல் நம் கிளப்பின் சிவப்புச் சட்டை இருப்பதைக் கவனித்தேன். பெரிய கிளப்பின் ஜென்ம எதிரிகளின் நிறம் சிவப்பு என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முரசு நின்றுவிட்டது. கரடி என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெரிய ஆள், கையில் ஒலிபெருக்கியோடு என் முன்னால் வந்து நின்றான். "தாத்தா, கண்ணு தெரியலையா, இல்ல உயிர் வெறுத்துப் போச்சா?" என்று கேட்டான்.

"மன்னிக்க வேண்டும். இங்கே யாராவது டாக்டர் இருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"இதப் பார்றா! அடி வாங்குறதுக்கு முன்னாடியே டாக்டர் தேடிட்டு வந்துருக்காரு!" என்று யாரோ கத்த, அத்தனை பேரும் சிரித்தார்கள். கரடியும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். ஓட வேண்டும் என்று இருந்த கால்கள் அங்கேயே நின்றன. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நம் கிளப், மைதானம், கார் நிறுத்தம், சோபா எல்லாவற்றையும் சொன்னேன். சோபாவைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

கரடி தலையைச் சொறிந்தான். "கார் நிறுத்தமா? எங்களுக்காகவா? நாங்க பஸ்ல வர்றோம்யா" என்றான். பிறகு ஒலிபெருக்கியை என் கையில் திணித்தான். "நீங்களே கேளுங்க" என்றான். நான் அதில் "மதிப்பிற்குரிய ரசிகப் பெருமக்களே" என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஓடவில்லை. அவன் அதைத் திரும்பப் பிடுங்கி, "டேய், எல்லாரும் வாயை மூடுங்கடா! தாத்தாவுக்கு ஒரு டாக்டர் வேணும், உடனே!" என்று முழங்கினான்.

முதலில் வந்தவர் பல் டாக்டர். விதியில் அது செல்லுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்ததால் நன்றி சொல்லி அனுப்பினேன். அடுத்து வந்தவர் கால்நடை மருத்துவர். கரடி அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி, "நீ போடா, இவங்களும் மனுஷங்கதான்" என்றான். மூன்றாவதாக ஒரு பெண், நாற்பது வயது இருக்கலாம், கழுத்தில் நீலக் கறுப்புத் துண்டு, கையில் பாதி தின்ற சூவ்லாக்கிக் கறிக்குச்சி. "எலும்பு டாக்டர். பரவால்லையா?" என்றாள். பெயர் க்ளியோ. வடக்கே ஒரு ஊரிலிருந்து விடியும் முன்பே பஸ் ஏறி வந்திருக்கிறாள். மருத்துவமனை அட்டை பையில் இருந்தது. "எங்க ஆட்டம் சாயந்தரம்தானே. சும்மாதான் நிக்கிறேன். வாங்க போலாம்" என்றாள். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைவிட வேகமாக நடந்தாள்.

மைதானக் கேட்டை நெருங்கியபோதுதான் திரும்பிப் பார்த்தேன். கரடியும் முரசும் பின்னால் ஒரு பெருங்கூட்டமும் வந்துகொண்டிருந்தன. மூலையில் நின்ற போலீஸ் கேப்டன் பதறிப்போய், "எங்கடா போறீங்க எல்லாரும்?" என்றார். "மேட்ச் பாக்க, சார்" என்றான் கரடி. "அது சாயந்தரம்தானேடா?" "அது எங்க மேட்ச் சார். இது டாக்டர் மேட்ச்."

நடுவர் அட்டையைப் பார்த்தார், புரட்டினார். பட்டியலில் வேறு டாக்டரின் பெயர் இருப்பதால் எதிரணித் தலைவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எல்லோரும் த்ராசோஸைப் பார்த்தார்கள். அவர் கைகளைக் கட்டிக்கொண்டார். ஸ்தாத்திஸ் வாயைத் திறக்கப் போனார். அவர் திறந்தால் என்ன வரும் என்று தெரிந்ததால் நான் முந்திக்கொண்டேன். "அடுத்த வருஷம் இதே மாதிரி ஒரு ஞாயிறு உங்க மைதானத்துக்கும் வரும், த்ராசோஸ்" என்றேன்.

"மிரட்டுறீங்களா வாத்தியாரே?" என்றார்.

"இல்ல. பயப்படுறேன்" என்றேன். அது உண்மை. நம் மைதானம் போனால் துணை மேயர் அடுத்து அவென்யூவைத் தாண்டித்தான் வருவார்.

அவர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். "நீங்க பயப்படாத நாள் ஒண்ணச் சொல்லுங்க பாப்போம்" என்று முனகிக்கொண்டே பேனாவைக் கேட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு நடுவரிடம், "சட்டுனு ஊதுங்க, நான் மனசு மாறுறதுக்குள்ள" என்றார்.

எவந்தியா, நாம் தோற்றோம். இரண்டுக்கு ஒன்று. தோக்ஸா தப்பித்தது. ஆனால் நாம் ஆடித் தோற்றோம், லீக்கில் இருக்கிறோம், மைதானம் நம்முடையது. நீலமும் கறுப்பும் அணிந்தவர்கள் சிவப்பு அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியதை நான் என் கண்ணால் பார்த்தேன். நம் கோல்கீப்பர் பீப்பிஸின் தொப்பையைப் பற்றி அவர்கள் அங்கேயே ஒரு பாட்டுக் கட்டிவிட்டார்கள். அவன் அடுத்த பந்தைப் பிடித்துவிட்டுக் குனிந்து வணக்கம் சொன்னான், அதற்குள் இன்னொரு பந்து உள்ளே போய்விட்டது. தபால்காரர் லாம்ப்ரோஸ் நமக்காக ஒரு கோல் போட்டார். போட்ட அதிர்ச்சியில் அவரே எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் டாக்டர் க்ளியோவிடம் ஓடிக் கட்டிக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் அவள் நம் வீட்டுக்கு வந்து மெலெத்திஸுக்கு ஓர் ஊசி போட்டாள். சோபாவை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு என்னை முறைத்தாள்.

அந்தப் போலீஸ் கேப்டன் என்னைத் தேடி வந்தார். "பிப்ரவரியில ஒரு மனு அனுப்பிச்சது நீங்கதானா? மூணு தடவை படிச்சேன் ஐயா. அற்புதமான மொழி. ஆனா என்ன கேக்குறீங்கன்னே புரியல" என்றார். டாக்டர் காரை உள்ளே விட வேண்டும், அவ்வளவுதான் என்றேன். "அட, அத எழுதியிருக்கலாமே" என்றார். அடுத்த பருவத்திலிருந்து நமக்கும் தோக்ஸாவுக்கும் அனுமதிச் சீட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். கார் நிறுத்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இலையுதிர்காலத்தில் துணை மேயர் மறுபடி வரலாம். ஆனால் இந்த முறை ஸ்தாத்திஸும் த்ராசோஸும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு பாதியில் சண்டையானது. இருந்தாலும் யாரும் எழுந்து போகவில்லை.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். இடைவேளையில் கூட்டம் கான்டீனைச் சுற்றிக்கொண்டது. மூடியிருப்பதைப் பார்த்துக் கதவைத் தட்டினார்கள். "இத யாரு நடத்துறது? எப்ப தொறப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெரிய கிளப்புக்கு இங்கே ஆட்டம் இருக்கும் ஞாயிறுகளில் காலையிலேயே வந்து நம் ஆட்டத்தையும் பார்ப்போம், ஆனால் சாப்பாடு வேண்டும் என்றான் கரடி. ஸ்தாத்திஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கரடி ஒலிபெருக்கியை மறுபடியும் என் கையில் கொடுத்தான். இந்த முறை எனக்கு வாய் வந்துவிட்டது, எப்படி என்று கேட்காதே. "என் மனைவி நடத்துறா. அவ பேரு எவந்தியா. பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா. செப்டம்பர்ல வந்துடுவா" என்றேன். கூட்டம் கைதட்டியது.

உன்னைக் கேட்காமல் சொன்னேன். லெமோனியாவையும் கேட்கவில்லை. தரகருக்கு நேற்று போன் செய்து, நான் யோசித்துவிட்டேன், விற்கவில்லை என்றேன். மூன்றே வார்த்தைகள், அதையும் முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் சொன்னேன். லெமோனியா கோபப்படுவாள். அவள் கோபம் நியாயமானது. குழந்தைக்கு நீ வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். உன்னை வா என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். நீ அங்கே தேவைப்படுகிறாய் என்றால் நான் அங்கே வருகிறேன், சனி ஞாயிறு மட்டும் இங்கே திரும்பி வர முடியுமா என்று பார்த்துக்கொள்கிறேன். அது நடக்காத காரியம் என்று உனக்கும் தெரியும்.

ஆனால் ஊரறிய ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், எவந்தியா. என் ஆயுளில் நான் உரக்கச் சொன்ன ஒரே வாக்கியம் அது. அது பொய்யாக வேண்டாம். எந்த விமானம், எந்த நாள் என்று மட்டும் எழுது. நான் முன்னாலேயே போய் நிற்பேன்.

குழந்தைக்கும் லெமோனியாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். உனக்கு ஆண்டவர் நல்ல ஆரோக்கியமும், இந்த வயதிலும் என்னைப் பொறுத்துக்கொள்ளும் பொறுமையும் தரட்டும்.

என்றும் உன்,
புரோத்ரமோஸ்